பிப் மறுக்கப்பட்டால்: ‘பரவாயில்லை, சமாளிக்கிறேன்’ என்று சொன்னதை எப்படித் திருத்துவது?

கேள்வி:

என் கணவருக்கு 56 வயது. ஹாரோவில் இருக்கிறோம், இருவரும் பிரித்தானியக் குடியுரிமை உள்ளவர்கள். சென்ற ஆண்டு அவருக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் வலது காலும் பலமிழந்துவிட்டன. சுப்பர்மார்க்கெட்டில் இரவு வேலை செய்தவர், இப்போது வீட்டில். நீண்டகால நோயோ இயலாமையோ உள்ளவர்களுக்கு அரசாங்கம் தரும் பிப் (Personal Independence Payment) உதவிப்பணத்துக்கு விண்ணப்பித்தோம். ஒரு மணி நேரம் போனில் கேள்வி கேட்டார்கள், மகள்தான் மொழிபெயர்த்தாள். அன்றாட வாழ்க்கைக்கு 4 புள்ளி, நடமாட்டத்துக்கு 4 புள்ளி, பணம் கிடையாது என்று கடிதம் வந்திருக்கிறது. கடிதத்தில் உள்ள திகதியிலிருந்து மூன்று கிழமை போய்விட்டது. எதிர்த்துக் கேட்டால் இருக்கிற யூனிவர்சல் கிரெடிட்டையும் (வருமானம் குறைந்தவர்களுக்கான உதவிப்பணம்) வெட்டிவிடுவார்கள் என்று சொந்தக்காரர் சொல்கிறார்கள். அவரோ, “பிச்சை கேட்கிற மாதிரி இருக்கிறது, விடு” என்கிறார். நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் திகதியைப் பார்ப்போம். மறுபரிசீலனை, அதாவது அதே திணைக்களம் தன் முடிவைத் திரும்பப் பார்ப்பது, கேட்க உங்களுக்கு ஒரு மாதம்தான் இருக்கிறது. அந்த மாதம் கடிதம் கைக்கு வந்த நாளிலிருந்து தொடங்குவதில்லை, கடிதத்தில் அச்சடித்த திகதியிலிருந்து தொடங்குகிறது. ஆகவே நாளைக்குக் காலையிலேயே கடிதத்தில் இருக்கும் இலக்கத்துக்குப் போன் எடுங்கள். கணவரும் பக்கத்தில் இருக்கட்டும், அவர்தான் விண்ணப்பதாரர். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொன்னால் போனிலேயே இணைத்துத் தருவார்கள். “இந்த முடிவை ஏற்கவில்லை, மறுபரிசீலனை வேண்டும், மதிப்பீட்டு அறிக்கையின் பிரதியையும் அனுப்புங்கள், காரணங்களை எழுத்தில் அனுப்புகிறோம்” என்று சொல்லுங்கள். பேசியவரின் பெயர், நாள், நேரம் மூன்றையும் அந்தக் கடிதத்தின் பின்பக்கத்திலேயே குறித்து வையுங்கள். ஏதாவது காரணத்தால் மாதம் தாண்டிவிட்டாலும் கதவு மூடிவிடாது. நியாயமான காரணம் காட்டினால் மொத்தம் 13 மாதம் வரை தாமதமான கோரிக்கையை ஏற்க விதியில் இடம் உண்டு. ஆனால் ஏற்பதா இல்லையா என்பது அவர்கள் கையில். உங்களுக்கு இன்னும் நாட்கள் இருக்கும்போது அந்த வழிக்குப் போக வேண்டாம்.

யூனிவர்சல் கிரெடிட் பற்றிய பயத்தையும் இப்போதே விட்டுவிடுங்கள். பிப் தனி உதவிப்பணம். அதை எதிர்த்துக் கேட்பதால் யூனிவர்சல் கிரெடிட் குறையாது. பிப் கிடைத்தாலும் அதை வருமானமாகக் கணக்கெடுக்க மாட்டார்கள். சொந்தக்காரர் சொல்வதில் ஒரு துளி உண்மை இருக்கிறது: ஏற்கெனவே பிப் வாங்குகிறவர் இன்னும் கூடக் கேட்டு மேன்முறையீட்டுக்குப் போனால், தீர்ப்பாயம் கூட்டவும் செய்யலாம், குறைக்கவும் செய்யலாம். அப்படிப்பட்டவர்கள் ஆலோசனை கேட்காமல் இறங்கக் கூடாது. உங்கள் கணவருக்குக் கிடைத்தது பூச்சியம். அதற்குக் கீழே வெட்ட எதுவும் இல்லை.

சரி, இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய முடிவுக் கடிதத்தின் பிரதியை இரண்டு தடவை வாசித்தேன். “சமையலுக்கு உதவிக் கருவி போதும்”, “குளிக்கக் கருவி போதும்”, “50 மீற்றருக்கு மேல் நடக்கிறார்”. இவை எங்கிருந்து வந்தன என்றும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். தேத்தண்ணி போடுவீர்களா என்று கேட்டபோது அவர் “போடுவேன்” என்றிருக்கிறார். குளிப்பது எப்படி என்றதற்கு “மெதுவாகச் சமாளிக்கிறேன்”. எவ்வளவு தூரம் நடப்பீர்கள் என்றதற்கு “கடைவரைக்கும் போய் வருவேன்”. மூன்றும் பொய்யில்லை. எங்கள் ஆட்களிடம் யாராவது எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால் “இருக்கிறேன், பரவாயில்லை” என்றுதான் வரும். அது நாங்கள் வளர்ந்த விதம். ஆனால் அந்தப் பதிலைக் கேட்டு எழுதியவருக்கு அதற்குப் பின்னால் இருப்பது தெரியாது. நீங்கள் இப்போது செய்ய வேண்டிய வேலை, அந்தப் பின்பக்கத்தை எழுதுவதுதான்.

பிப்பில் நோயின் பெயருக்குப் புள்ளி கிடையாது. பக்கவாதம் என்று பத்து வைத்தியர்கள் எழுதித் தந்தாலும் அதற்காக ஒரு புள்ளியும் வராது. அன்றாட வாழ்க்கையில் 10 செயல்கள், நடமாட்டத்தில் 2 செயல்கள். ஒவ்வொன்றையும் எந்த அளவுக்குச் செய்ய முடிகிறது என்பதற்குத்தான் புள்ளி. ஒரு பிரிவில் 8 புள்ளி வந்தால் சாதாரண விகிதம், 12 வந்தால் கூடிய விகிதம். 2025–26 ஆண்டில் அன்றாட வாழ்க்கைக்குக் கிழமைக்கு 73.90 பவுண் அல்லது 110.40 பவுண், நடமாட்டத்துக்கு 29.20 அல்லது 77.05 பவுண்.

இந்த முறைமையின் உயிர் 2013ஆம் ஆண்டு பிப் விதிகளின் 4ஆவது விதியில் இருக்கிறது. ஒருவர் ஒரு செயலைச் செய்ய முடிகிறவர் என்று சொல்ல வேண்டுமானால், அதை அவர் பாதுகாப்பாகச் செய்ய வேண்டும், ஏற்கத்தக்க தரத்தில் செய்ய வேண்டும், தேவைப்படும் அளவுக்குத் திரும்பத் திரும்பச் செய்ய முடிய வேண்டும், நியாயமான நேரத்துக்குள் செய்ய வேண்டும். நியாயமான நேரம் என்றால், அந்த வருத்தம் இல்லாத ஒருவருக்குச் சாதாரணமாக ஆகும் கூடிய நேரத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் போகக் கூடாது. இந்த நான்கில் ஒன்று தவறினாலும், சட்டத்தின் கண்ணில் அவர் அந்தச் செயலை அந்த அளவில் செய்ய முடியாதவர். இதைப் பயப்படாமல் எழுதுங்கள். மறுபரிசீலனைக் கடிதத்தில் இந்த நான்கு சொற்களும் திரும்பத் திரும்ப வரட்டும்.

அவர் போடும் தேத்தண்ணியை எடுத்துக்கொள்வோம். நீங்கள் எழுதியது: அவர் கேத்தலில் கால்வாசிதான் தண்ணீர் பிடிக்கிறார், முழுதாக இருந்தால் இடது கையால் தூக்க முடியாது. பால் போத்தலின் மூடியை நீங்கள் வேலைக்குப் போகுமுன் திறந்து வைத்துவிட்டுப் போகிறீர்கள். மாசி மாதம் சுடுதண்ணீர் வலது கையில் பட்டது, கையில் உணர்ச்சி இல்லாததால் கொப்புளம் எழும்பிய பிறகுதான் அவருக்கே தெரிந்தது. சகோதரி, இந்த மூன்று வரியும் உங்கள் கடிதத்தின் கடைசியில், “இன்னொன்று சொல்ல மறந்துவிட்டேன்” என்று ஒட்டிக்கொண்டு இருக்கிறது. இதுதான் முதலில் வந்திருக்க வேண்டும். “போடுவேன்” என்ற சொல்லைப் பாதுகாப்பு என்ற சொல் அப்படியே புரட்டிப்போடுகிறது. உணர்ச்சியில்லாத கையோடு சூடான சட்டியைப் பிடிப்பவருக்கு ஒரு கருவி கொடுத்தால் போதாது, பக்கத்தில் ஆள் வேண்டும். சமையலில் கருவிக்கு 2 புள்ளி, ஆளின் உதவிக்கோ கண்காணிப்புக்கோ 4 புள்ளி. இங்கே சமையல் என்பது, புதிய மரக்கறி முதலியவற்றை வெட்டி, ஒருவருக்கு ஒரு வேளை உணவு ஆக்குவது. நீங்கள் ஆக்கி வைத்ததை அவர் மைக்ரோவேவில் சூடாக்கிச் சாப்பிடுவது இதில் சேராது.

குளிப்பதில் நீங்கள் அவரைத் தொட்டிக்குள் ஏற்றி இறக்குகிறீர்கள். அதற்கு 3 புள்ளி. முதுகையும் இடது தோளையும் நீங்கள்தான் தேய்த்து விடுகிறீர்கள். தோளுக்கும் இடுப்புக்கும் இடைப்பட்ட பகுதியைக் கழுவ உதவி தேவை என்பதற்கு 4. ஒரு செயலில் பொருந்தும் வரிகளில் கூடியது மட்டும் எண்ணப்படும், கூட்டிப் பார்க்க வேண்டாம். சட்டைப் பொத்தானைப் பூட்டிவிடுவது நீங்கள். மேலுடம்புக்கு உடுத்தும்போது உதவி தேவை என்பதற்கு 4. தட்டில் இறைச்சியை வெட்டிக் கொடுக்கிறீர்கள், அதற்கு 2. குளிசைகளைப் பெட்டியில் கிழமைக்குக் கிழமை பிரித்து வைக்கிறீர்கள், அதற்கு 1 வரலாம். கூட்டிப் பாருங்கள்: 15. அவர்கள் கொடுத்தது 4. எல்லாம் கிடைக்கும் என்று நான் வாக்குத் தரவில்லை. ஆனால் 8ஐ எட்ட முடியாத ஆள் இல்லை அவர்.

நடையிலும் இப்படித்தான். “கடைவரைக்கும் போவேன்” என்றால் அந்தக் கடை எவ்வளவு தூரம்? மகளிடம் சொல்லி ஒரு நாள் போன் மெப்பில் அளக்கச் சொல்லுங்கள். வழியில் எத்தனை இடத்தில் நிற்கிறார், எந்த மதிலைப் பிடித்து நிற்கிறார், எத்தனை நிமிஷம், பொல்லு பிடிக்கிறாரா, திரும்பி வந்த பிறகு என்ன ஆகிறது? பின்னேரம் முழுவதும் படுத்துக்கிடந்தால், அந்தத் தூரத்தை அவர் “திரும்பத் திரும்ப” நடக்க முடிகிறவர் இல்லை. 50 மீற்றருக்கு மேல், ஆனால் 200ஐத் தாண்ட முடியாது என்றால் 4 புள்ளி. பொல்லோடு 20 மீற்றருக்கு மேல், ஆனால் 50ஐத் தாண்ட முடியாது என்றால் 10. இரண்டுக்கும் நடுவில் இருப்பது அந்த மதிலும் அந்தக் கட்டிலும்தான். அவற்றை எழுதுங்கள்.

ஒரு நாட்குறிப்பு வைத்திருக்கச் சொல்வேன். இரண்டு கிழமை போதும். ஒரு சாதாரணக் கொப்பி, தமிழிலேயே எழுதுங்கள், மகள் ஆங்கிலத்தில் பெயர்த்து இருவரும் கையெழுத்து வையுங்கள். “இன்று வலி கூட” என்று எழுதுவதால் பயனில்லை. “செவ்வாய், காலை 8.10க்குக் குளிக்கப் போனார், 8.55க்கு வெளியே வந்தார், இரண்டு தடவை கூப்பிட்டார்” என்று எழுதினால் அது சாட்சி. நீங்கள் எழுதும் கூற்றும் சாட்சிதான். வைத்தியர் எழுதினால் மட்டும்தான் செல்லும் என்று எங்கள் ஆட்கள் நினைக்கிறார்கள், அது தவறு. குளியலறைக்குள் வைத்தியர் வருவதில்லை, நீங்கள்தான் வருகிறீர்கள்.

வைத்தியரிடம் கேட்பதானால் கேள்வியை நீங்களே எழுதிக் கொடுங்கள். “இவருக்குப் பக்கவாதம்” என்ற கடிதம் வேண்டாம், அது அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். வலது கையில் உணர்ச்சி இருக்கிறதா, பிடி எவ்வளவு, நடையில் சமநிலை எப்படி, அடுப்பில் தனியாக வேலை செய்ய விடலாமா என்று கேளுங்கள். ஜிபி (குடும்ப வைத்தியர்) பணம் கேட்கலாம். அதற்கு முன்னால் வைத்தியசாலையிலிருந்து அனுப்பும்போது தந்த கடிதம், வீட்டுக்கு வந்து தொட்டிக்குப் பலகையும் கைப்பிடியும் பரிந்துரைத்தாரே, அந்த ஒகுபேஷனல் தெரப்பிஸ்டின் அறிக்கை, பிசியோ குறிப்புகள் ஆகியவற்றைத் தேடுங்கள். தெரப்பிஸ்டின் அறிக்கை பல தடவை ஜிபி கடிதத்தைவிடப் பலமாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன். அவர் நோயாளியை வீட்டுக்குள் வந்து பார்த்தவர்.

மொழிபெயர்ப்பு பற்றி ஒன்று சொல்ல வேண்டும், கோபப்படாமல் கேளுங்கள். இனிமேல் மகளை மொழிபெயர்க்க வைக்க வேண்டாம். அவள் நன்றாகத்தான் செய்திருப்பாள். ஆனால் கழிவறையில் உங்களுக்கு யார் உதவி என்ற கேள்விக்கு, மகளின் வாயால் பதில் போக வேண்டும் என்றால் எந்தத் தகப்பன் உண்மையைச் சொல்வான்? அறிக்கையில் அந்தக் கேள்விக்குப் “பிரச்சினை இல்லை” என்று இருக்கும், வந்ததும் பாருங்கள். அப்படியிருந்தால் ஏன் அப்படிச் சொன்னார் என்பதை மறுபரிசீலனையில் ஒளிக்காமல் எழுதுங்கள். மகள் முன்னால் கூச்சப்பட்டார் என்பது எந்த நாட்டு மனிதருக்கும் விளங்கும். இன்னொன்று, ஆங்கிலம் தெரியாது என்பதை ஒரு குறையாக எழுதாதீர்கள். பேசுவதையும் வாசிப்பதையும் விதிகள் அவரவர் தாய்மொழியில்தான் அளக்கின்றன. தமிழிலேயே சொல் வராமல் தடுமாறுகிறார், தமிழ்க் கடிதத்தையே வாசித்து விளங்க முடியவில்லை என்றால் அது வேறு விஷயம், அதைக் கட்டாயம் எழுதுங்கள்.

மறுபரிசீலனையில் பெரும்பாலும் முடிவு மாறாது. இதை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்த இரண்டாவது மறுப்புக் கடிதத்தோடுதான் எங்கள் சனம் கைவிட்டு உட்காருகிறது. உண்மையான வாசல் அதற்குப் பிறகுதான் திறக்கிறது. அந்த இரண்டாவது கடிதத் திகதியிலிருந்து ஒரு மாதத்துக்குள் தீர்ப்பாயத்துக்கு மேன்முறையீடு செய்யலாம். அதற்கு ஒரு படிவம் உண்டு, இணையத்திலும் நிரப்பலாம். கட்டணம் இல்லை. தீர்ப்பாயம் உதவிப்பணத் திணைக்களத்தின் கிளை அல்ல, நீதித்துறையின் பகுதி. அங்கே விசாரணைக்குப் போகும் பிப் வழக்குகளில் பாதிக்கு மேல் விண்ணப்பதாரர் பக்கம் முடிகின்றன. படிவத்தில் இரண்டு இடத்தைத் தவறவிடாதீர்கள்: விசாரணைக்கு நேரில் வர விரும்புகிறேன் என்பதைத் தெரிவு செய்யுங்கள், வெறும் கடதாசியை வைத்துத் தீர்க்கச் சொல்லாதீர்கள், மொழிபெயர்ப்பாளர் தேவை என்ற இடத்தில் தமிழ் என்று எழுதுங்கள். அவர்களே செலவில்லாமல் ஒழுங்குபண்ணுவார்கள். போக்குவரத்துச் செலவையும் கேட்டு வாங்கலாம்.

விசாரணை என்றதும் கறுப்பு அங்கியும் கூண்டும் கற்பனையில் வரும். அப்படி இல்லை. ஒரு மேசை, எதிரே மூவர்: நீதிபதி ஒருவர், வைத்தியர் ஒருவர், மாற்றுத்திறனாளிகளின் வாழ்க்கையை நன்கு அறிந்த ஒருவர். சில வருடங்களுக்கு முன்னால் ஒரு ஐயாவோடு போயிருந்தேன். நீதிமன்றம் என்பதால் நன்றாக அயன் செய்த வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார். வைத்தியர் முதலில் கேட்ட கேள்வி, “அழகான சட்டை. இன்று காலை இதன் பொத்தானை யார் பூட்டியது?” ஐயா மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அம்மா சொன்னார், “நான்தான். கழுத்துப் பொத்தானை மட்டும் தானே பூட்டுவேன் என்று நின்றார். பஸ் போய்விட்டது.” மொழிபெயர்ப்பாளர் அதை அப்படியே சொன்னார். மூவரும் குனிந்து எழுதினார்கள். அன்றைக்கே முடிவு சொன்னார்கள், ஐயாவுக்குக் கிடைத்தது. அவரிடம் முதல் மதிப்பீட்டில் கேட்டதும் அதே கேள்விதான். “உடுத்துவீர்களா?” “ஓம்.” அவ்வளவுதான் அந்த அறிக்கையில் இருந்தது.

கேள்விகள் இப்படி நாலு பக்கத்தாலும் வரும். எப்படி வந்தீர்கள், கார் ஓடுகிறீர்களா, கடைசியாக ஊருக்குப் போனது எப்போது, கோயிலுக்குப் போகிறீர்களா. ஈலிங் அம்மன் தேருக்குப் போனது உண்மையென்றால் போனேன் என்றே சொல்லட்டும். யார் கூட்டிப்போனது, எங்கே உட்கார்ந்திருந்தார், எத்தனை மணிக்குத் திரும்பினார் என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும். ஒன்றுமே முடியாது என்று கூட்டிச் சொல்வது, சமாளிக்கிறேன் என்று குறைத்துச் சொல்வதைவிடக் கூடுதலாகக் கெடுக்கும். ஒரு பொய் பிடிபட்டால் ஒன்பது உண்மையும் அதோடு போகும்.

இன்னொரு விதியும் தெரிந்திருக்க வேண்டும். 1998ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின்படி தீர்ப்பாயம் முதல் முடிவு எடுத்த நாளில் அவர் இருந்த நிலையைத்தான் பார்க்கும். அதன் பிறகு அவருக்கு வருத்தம் கூடினால் அதை இந்த வழக்கில் சேர்க்க முடியாது. உடனே ஆலோசகரிடம் சொல்லுங்கள், புது விண்ணப்பம் போட வேண்டியிருக்கலாம். புதிதாக எழுதி வாங்கும் கடிதங்கள் செல்லும், ஆனால் அவை அந்த நாளைய நிலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மேன்முறையீடு போட்ட பிறகு திணைக்களமே போன் எடுத்து, இவ்வளவு தருகிறோம் என்று பேசவும் கூடும். அப்போது அவசரப்பட்டு ஓம் சொல்லிவிட வேண்டாம். எத்தனை புள்ளி, எந்த விகிதம், எத்தனை வருடத்துக்கு என்று கேட்டு எழுதிக்கொண்டு, நாளைக்குச் சொல்கிறோம் என்று வையுங்கள்.

உதவிக்கு யாரைப் பிடிப்பது? 2013 ஏப்ரலோடு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இந்த முதல் கட்ட மேன்முறையீடுகளுக்கு அரசாங்கச் சட்ட உதவி நின்றுவிட்டது. அது எனக்கு இன்றுவரை ஆறாத வருத்தம். கிடைக்க வேண்டிய பணத்தைக் கேட்கத் தெரியாமலே எத்தனையோ பேர் போய்விட்டார்கள். ஆனாலும் சிட்டிசன்ஸ் அட்வைஸ், சட்ட உதவி நிலையங்கள், சில கவுன்சில்களின் நலவுரிமைப் பிரிவு ஆகிய இடங்களில் இலவசமாகச் செய்கிறார்கள். வரும் பணத்தில் பங்கு கேட்டு “கேஸ் பார்க்கிறேன்” என்று வருகிறவர்களை வாசலோடு அனுப்புங்கள். ஸ்கொட்லாந்தில் இருந்து இதை வாசிப்பவர்களுக்கு இந்த நடைமுறை பொருந்தாது. அங்கே அடல்ட் டிஸபிலிட்டி பேமென்ட் என்று வேறு முறை.

உங்கள் கணவர் சொன்ன அந்தச் சொல்லுக்கு வருகிறேன். பிச்சை என்பது கொடுப்பவர் மனம் வைத்தால் கொடுப்பது. இது பாராளுமன்றம் 2012இல் சட்டமாக்கிய உரிமை. நிபந்தனை பொருந்தினால் கொடுக்காமல் விட அவர்களுக்கு அதிகாரம் கிடையாது. வேலை செய்கிறவருக்கும் உண்டு, சேமிப்பு உள்ளவருக்கும் உண்டு. இதை அவரிடம் நீங்கள் சொன்னால் எடுபடாது என்றால், இந்தப் பந்தியை அவரிடம் வாசித்துக் காட்டுங்கள். இன்னும் ஒன்றையும் சொல்லுங்கள்: அவருக்கு அன்றாட வாழ்க்கைப் பகுதி கிடைத்தால், கிழமைக்கு 35 மணி நேரம் அவரைப் பார்க்கும் உங்களுக்கும் கேரர்ஸ் அலவன்ஸ் (பராமரிப்பவருக்கான உதவிப்பணம்) கேட்க வழி பிறக்கலாம். அது யூனிவர்சல் கிரெடிட்டைக் கொஞ்சம் மாற்றும், உங்கள் வேலை வருமானத்தையும் பார்ப்பார்கள், ஆகவே ஆலோசகரிடம் கணக்குப் பார்த்துவிட்டுப் போடுங்கள். ஆனால் பிப் முடிவு வந்து மூன்று மாதத்துக்குள் போட்டுவிட வேண்டும், அப்போதுதான் பழைய காலத்துக்கும் சேர்த்துக் கிடைக்கும்.

நாளைக்குப் போன் எடுங்கள். மதிப்பீட்டு அறிக்கை வந்ததும் ஒரு பிரதியை எனக்கு அனுப்புங்கள். கடிதத்தை வரி வரியாகச் சேர்ந்து எழுதுவோம். அனுப்புமுன் எல்லாப் பக்கத்தையும் போனில் படம் எடுத்து வையுங்கள், ஒவ்வொரு தாளின் மேலும் அவருடைய நஷனல் இன்சூரன்ஸ் இலக்கத்தை எழுதுங்கள், பதிவுத் தபாலில் போட்டு ரசீதை அந்தக் கொப்பிக்குள் ஒட்டி வையுங்கள்.